ஒரு மில்லியில் எவ்வளவு

"கையில என்ன?" என்று கேட்டார் வார்டு சிஸ்டர்.

"ஏழாம் படுக்கைப் பாப்பாவுக்கு ஊசி, சிஸ்டர்."

"எவ்வளவு எடுத்திருக்கே?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லி."

"எந்தக் குப்பியில? அதைக் கொண்டா."

நெட்டை குப்பியை எடுத்து வந்து நீட்டினாள். நர்சிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. வகுப்பிலேயே உயரமானவள் என்று முதல் நாளே வைத்த பெயர் அது. இப்போது பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டிருப்பாள். குழந்தைகள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படி. சத்தமாப் படி."

"ரெண்டு மில்லியில இருநூத்தம்பது மில்லி..." அவள் குரல் பாதியிலேயே நின்றது. நேற்றுவரை வந்த குப்பியில் நூறு மில்லிகிராம்தான் இருந்தது. அதே உயரம், அதே நீல மூடி, அதே கம்பெனி. ஸ்டோரிலிருந்து இன்று பலம் கூடியதை அனுப்பியிருக்கிறார்கள்.

"டாக்டர் எவ்வளவு எழுதியிருக்கார்?"

"அறுபது மில்லிகிராம்."

"உன் கையில இருக்கறது நூத்தம்பது. எட்டு கிலோக் குழந்தை அது. இந்த மருந்து கூடிப்போனா காதையும் கிட்னியையும் பதம் பார்க்கும். படிச்சிருக்கியா இல்லையா?"

"படிச்சிருக்கேன், சிஸ்டர்."

"படிச்சுட்டா எடுத்தே?"

இதற்கான பதில் அவள் சட்டைப் பையில் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு. தினமும் காலையில் டியூட்டிக்கு வந்ததும், அவளுடைய தோழி ஒருத்தி எல்லாப் படுக்கைகளின் மருந்துக் கணக்கையும் ஐந்தே நிமிடத்தில் போட்டுச் சீட்டில் எழுதிவிடுவாள். அவளுக்குக் கால்குலேட்டர் என்று பெயர். பயிற்சிக்கு வந்த ஆறு பேர் கைக்கும் அந்தச் சீட்டு போகும். படுக்கை எண், மருந்து, எத்தனை மில்லி. பார்த்துக்கொண்டு ஊசியில் ஏற்ற வேண்டியதுதான் வேலை. மூன்று வருடமாக எந்த வார்டுக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. மருந்து மாறாத நாட்களில் நேற்றைய சீட்டே இன்றைக்கும் ஓடும். இன்றும் ஓடியது.

சிஸ்டர் ஊசியை வாங்கி, மருந்தை டிரேயில் பீய்ச்சி வெறுமையாக்கினார்.

"புதுசா எடு."

"எவ்வளவு எடுக்கணும், சிஸ்டர்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னையா கேக்கறே? சரி, ஒரு மில்லியில எவ்வளவு இருக்கு? அதைச் சொல்லு முதல்ல."

"இருநூத்தம்பது."

"ரெண்டு மில்லியிலன்னு இப்பத்தானே உன் வாயால படிச்சே?"

நெட்டை குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ஒரு குழந்தையின் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதைப் பாதியாக்குவது, எதை எதனால் வகுப்பது என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. சிஸ்டர் தானே மருந்தை எடுத்துக்கொண்டு ஏழாம் படுக்கைக்குப் போனார். பின்னாலேயே இவளும் போனாள்.

"ஏம்மா, நீ போடலையா?" என்றாள் குழந்தையின் தாய் நெட்டையைப் பார்த்து. "உன் கை பட்டா இவன் அழவே மாட்டானே."

"இன்னிக்கு நான் போடறேன்," என்றார் சிஸ்டர்.

குழந்தை வீரிட்டு அழுதான்.

"பாத்தீங்களா, நான் சொல்லல? ராசியான கை அந்தப் பொண்ணுக்கு," என்றாள் தாய். நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

"சீட்டுல தப்பு இல்லை. குப்பிதான் மாறிப்போச்சு," என்றாள் கால்குலேட்டர். விடுதிக் குளியலறைக்கு வெளியே, துணி காயப்போடும் இடத்தில் இருவரும் நின்றிருந்தார்கள்.

"உன்னைத் தப்பு சொன்னேனா நான்?"

"மூஞ்சி சொல்லுதே. மூணு வருஷமா நம்ம ஆறு பேருக்கும் சேர்த்து நான் மூளையைக் கசக்கறேன். ஒரு நாள் லேபிளைப் பார்க்காம விட்டுட்டே, அவ்வளவுதான். சிஸ்டர் பார்த்துட்டாங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. முடிஞ்சுது கதை."

"அவங்க பார்க்காம இருந்திருந்தா?"

"பார்த்துட்டாங்கல்ல?"

"ஒரு மில்லியில எவ்வளவுன்னு கேட்டாங்கடி. எனக்குத் தெரியலை."

"பயத்துல வராது. யாருக்குமே வராது."

"பயத்துல வராதது இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது. முதல் வருஷப் பரீட்சையில இந்தப் பாடத்துல எண்பத்திரண்டு வாங்கினேன். பத்துக் கணக்கையும் மனப்பாடம் பண்ணினேன், அதுல அஞ்சு வந்துச்சு. அவ்வளவுதான் என் படிப்பு."

கால்குலேட்டர் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "இன்னும் பத்து நாள்ல பிராக்டிகல் பரீட்சை. அது முடியட்டும். அப்புறம் உக்காந்து வாய்ப்பாட்டுலேர்ந்து படி, யாரு வேண்டாங்கறா?"

"அப்புறம் நான் நர்ஸ் ஆயிடுவேனே."

"ஆகத்தானே படிக்கறோம், லூசு!"

நெட்டை சிரிக்கவில்லை. கால்குலேட்டருக்கும் சிரிப்பு அடங்கிப்போனது.

"என்னமோ மனசுல வச்சிருக்கே. சொல்லித் தொலை."

"லாக் புக்."

பயிற்சியில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் லாக் புக்கில் ஒரு பக்கம் உண்டு. மருந்தளவைத் தானே கணக்கிட்டுக் கொடுப்பதற்கு மட்டும் பத்துப் பக்கம். மாணவி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து வார்டு சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். பத்தும் நிரம்பினால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு. நெட்டையின் புத்தகத்தில் பத்துமே நிரம்பியிருந்தன. வேலை நெருக்கடியில் சிஸ்டர் ஒரே மதியத்தில் ஆறு பேர் புத்தகத்திலும் வரிசையாகப் போட்டுக் கொடுத்த கையெழுத்துகள் அவை.

"அந்தப் பத்தையும் அடிச்சுடச் சொல்லப்போறேன்," என்றாள் நெட்டை.

*

"உனக்குப் பைத்தியமா?" என்றார் வார்டு சிஸ்டர்.

மருந்து அறையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். லாக் புக் மேஜைமேல் விரித்தபடி கிடந்தது.

"நான் போட்ட கையெழுத்தை நானே பொய்னு எழுதணுமா? பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்களா, உன்னைக் கேப்பாங்களா?"

"ரெண்டு பேரையும் கேப்பாங்க, சிஸ்டர்."

"நல்லா பேசறே. யாரு கணக்குப் போட்டுக் கொடுத்தது இத்தனை நாளா?"

"நான் போடலை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"சீட்டு ஓடுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நாங்களும் இதே வார்டுல சீட்டுப் பார்த்துத்தான்..." சிஸ்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அலமாரிக் கதவைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். "ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கை பழகப் பழக வந்துடும். எல்லாருக்கும் அப்படித்தான் வந்துச்சு."

"அந்த ரெண்டு வருஷம் யார் உடம்புல பழகறது, சிஸ்டர்?"

வெளியே ஏதோ ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் அது ஓயும்வரை காத்திருப்பவர் மாதிரி நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

"பத்தையும் அடிக்கறேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கு. பத்து மருந்து என் முன்னாடி நீ கணக்குப் போட்டு எடு. சரியா வந்தா அன்னன்னிக்குக் கையெழுத்து. ஆனா ஒண்ணு. நான் சொல்லித் தர மாட்டேன். பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன்னா அந்தத் தடவை செல்லாது. ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல கிடையாது, ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு. எனக்கு வேற வேலையும் இருக்கு."

"சரி, சிஸ்டர்."

"சரிங்கறே. பத்து வரலைன்னா?"

"பரீட்சை இல்லை."

"வீட்டுல?"

நெட்டை லாக் புக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். சிஸ்டர் பத்துப் பக்கத்திலும் பழைய கையெழுத்தின் மேல் கோடு இழுத்து, புதிதாகப் போட அடியில் இடம் விட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே தன் முழுக் கையெழுத்தைப் போட்டார். ஏழாவது பக்கத்துக்கு வந்தபோது, "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு," என்றார், யாரிடமும் சொல்லாதது போல.

*

வீட்டில் அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள். அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கும் வேலை. இவள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தால்தான் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியும். அம்மா தன் வரிசையில் தைக்கும் பன்னிரண்டு பெண்களிடமும் பெண் இந்த வருடம் நர்ஸ் என்று சொல்லி வைத்திருந்தாள். நெட்டை அன்றைக்குப் போன் பண்ணவில்லை. வந்த போனையும் எடுக்கவில்லை.

மருந்து அறையின் குப்பையிலிருந்து காலிக் குப்பிகளைப் பொறுக்கிக் கழுவி விடுதிக்குக் கொண்டுவந்தாள். நாற்பத்தொரு குப்பி. கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். லேபிளை வாய்விட்டுப் படிப்பாள். ஒரு மில்லியில் எவ்வளவு என்று எழுதுவாள். அதற்கு மேல் எதையும் செய்யக் கூடாது என்று முதல் இரண்டு நாள் தனக்குத்தானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள்.

"இதை எப்படிடி நீ போடறே?" என்று கால்குலேட்டரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"பார்த்தா தெரியும்."

"எதைப் பார்த்தா?"

"எப்படிச் சொல்றது? தண்ணியைக் குடிக்கறது எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவே? இதோ, இதை இதால வகுத்து... இல்லை, நான் வகுக்கவே மாட்டேன். எனக்குச் சட்டுனு தெரிஞ்சுடும்."

"உன்கிட்ட கேட்டதுக்கு அந்தக் குப்பிகிட்டயே கேட்டிருக்கலாம்."

"கேளு, அதுவாவது பொறுமையா சொல்லும்."

கேட்டாள். முதல் வருடப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அன்றைக்கு மனப்பாடம் செய்த பக்கங்களில் இருந்த கணக்குகளை விடையை மூடிக்கொண்டு போட்டாள். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே 'முக்கியம்', 'கண்டிப்பாக வரும்' என்று எழுதியிருந்தது. ஒரு பக்கத்திலும் 'ஏன்' என்று எழுதியிருக்கவில்லை.

முதல் நாள் வார்டில் அவள் கணக்குப் போட்டு முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நாளும் சரி. மூன்றாம் நாள் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தாள். "தப்பு," என்றார் சிஸ்டர். அன்றைய கையெழுத்து போயிற்று.

நான்காம் நாளிலிருந்து அவள் வேறொன்றும் செய்தாள். சீட்டு வருவதற்கு முன்பே பத்துப் படுக்கைக்கும் தானே போட்டு வைத்துக்கொண்டு, பிறகு சீட்டோடு ஒப்பிட்டாள். முதலில் ஆறு பொருந்தியது. பிறகு எட்டு. ஒரு நாள் ஒன்பது.

"பத்துக்கு ஒன்பதா! டிஸ்டிங்ஷன்டி," என்றாள் கால்குலேட்டர்.

"பத்தாவது படுக்கையில இருக்கறவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டு வா, டிஸ்டிங்ஷன்னு."

 மறுநாள் சீட்டு வரவில்லை. மற்ற நான்கு பேரும் கூச்சல் போட்டார்கள். "எனக்குத் தலைவலி," என்றாள் கால்குலேட்டர். அதற்கு அடுத்த நாள் தலைவலி போய், சீட்டும் வந்துவிட்டது. பரீட்சை நெருங்கும்போது ஆறு பேரில் ஒருத்திக்குத்தான் பிடிவாதம் தாங்கும் போலிருந்தது.

ஞாயிறு மூன்றும் சரியாக வந்ததால் கடைசி நாளுக்கு முந்தின நாள் அவளிடம் எட்டுக் கையெழுத்து இருந்தது. அன்று இன்னொன்று சேர்ந்து ஒன்பது. கடைசி நாள் மதியம் பன்னிரண்டுக்குள் புத்தகத்தை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று பாக்கி.

*

மூன்றாம் படுக்கை. பதினோரு மாதக் குழந்தை, ஒன்பது கிலோ. மணி பதினொன்றேகால்.

நெட்டை டாக்டரின் ஆர்டரை வாய்விட்டுப் படித்தாள். "கிலோவுக்கு அம்பது மில்லிகிராம். ஒன்பது கிலோ. நானூத்தம்பது." குப்பியைப் படித்தாள். "ஐநூறு மில்லிகிராம், அஞ்சு மில்லியில கரைக்கணும். ஒரு மில்லியில நூறு." எழுதினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "நாலரை மில்லி."

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

நெட்டை குப்பியின் மூடியைத் துடைத்தாள். நீரை ஏற்றிக் குலுக்கினாள். குப்பியைக் கவிழ்த்து மருந்தை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சிஸ்டர் கையைக் கட்டியிருந்தவர் அவிழ்த்தார். மறுபடி கட்டிக்கொண்டார். நான்கு. நாலரை. காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றினாள். டிரேயில் வைத்தாள். ஆர்டர் தாளை அதன் பக்கத்தில் வைத்தாள். சிஸ்டர் அந்தத் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அந்த அறையில் அவ்வளவு நேரம் அவர் பேசாமல் நின்றதை நெட்டை பார்த்ததே இல்லை. அவளுக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

டிரேயைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினாள். படுக்கைக்கு ஆறு அடி இருந்தது.

"நில்லும்மா," என்றார் சிஸ்டர்.

அவள் நின்றாள். திரும்பாமலேயே டிரேயில் இருந்த தாளைப் படித்தாள். கிலோவுக்கு ஐம்பது மில்லிகிராம், ஒரு நாளைக்கு. மூன்று வேளையாகப் பிரித்து.

"ஒன்றரை," என்றாள். "மூணால வகுக்கலை. நாள் கணக்கை வேளைக் கணக்கா எடுத்துட்டேன்."

"ஆமாம்."

"ஒன்றரைதானே, சிஸ்டர்?"

"ஒன்றரைதான்." சிஸ்டர் டிரேயை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீயே பார்ப்பேன்னு கடைசி வரைக்கும் நின்னேன்."

இருவரும் மருந்து அறைக்குத் திரும்பினார்கள். சரியான அளவை எடுத்து நெட்டை குழந்தைக்குப் போட்டுவிட்டு வந்தபோது சிஸ்டர் லாக் புக்கின் பத்தாவது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனா மூடி கழன்று மேஜைமேல் கிடந்தது.

"ஒன்பது போட்டதை நான் கண்ணால பார்த்தேன்," என்றார். "இதையும் நீயேதான் கண்டுபிடிச்சே."

"நீங்க வாயைத் திறந்த பிறகு."

"நான் விடையா சொன்னேன்? நில்லுன்னுதானே சொன்னேன்?"

"சிஸ்டர், எனக்கும் ஆசையாத்தான் இருக்கு," என்றாள் நெட்டை. சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க நீட்டினா வாங்கிட்டுப் போயிடுவேன். நீட்டாதீங்க."

சிஸ்டர் பேனாவை மூடினார்.

*

"ஆறு மாசமா?" என்றாள் அம்மா. தையல் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை. பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா."

"எத்தனை பக்கம் குறையுதுங்கறே?"

"ஒண்ணு."

"ஒத்தப் பக்கத்துக்கா? கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வர வேண்டியதுதானேடி! அந்தம்மாவுக்கு மனசே இல்லையா?"

"ஒரு குழந்தைக்கு மருந்தை அதிகமா எடுத்துட்டேன்மா. அவங்க அப்பவும் தர்றேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

அம்மா டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது.

"தங்கச்சிகிட்ட நீயே சொல்லிக்க," என்று சொல்லிவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

கால் மணி கழித்து மறுபடி போன் வந்தது.

"அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?"

"பதினோரு மாசம்மா."

"நீ எடுத்ததைப் போட்டிருந்தா?"

"மூணு வேளை மருந்து ஒரே வேளையில போயிருக்கும்."

"என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். தெரியாதும்மா."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அம்மா போனை வைக்கவில்லை. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சின்னவகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாதே. உனக்குச் சொல்லத் தெரியாது," என்றாள்.

*

பரீட்சை அன்று காலை ஐந்து பேரும் இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் கிளம்பிப் போனார்கள். நெட்டை வார்டுக்குப் போனாள். சிஸ்டரின் மேஜையில் பிரின்சிபாலிடமிருந்து விளக்கம் கேட்டு வந்த மெமோ பேப்பர்வெயிட்டுக்குக் கீழே இருந்தது. 

ஐந்தாம் படுக்கைக்கு ஊசி. நெட்டை ஆர்டரைக் கடைசிச் சொல்வரை படித்தாள். நாளா, வேளையா என்று விரல் வைத்துப் பார்த்தாள். குப்பியைப் படித்தாள். கணக்கைப் போட்டு, ஒரு தடவை பின்னாலிருந்து முன்னாலும் போட்டுப் பார்த்தாள். மருந்தை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டி, நடந்து, படுக்கைக்குப் போய், குழந்தைக்குப் போட்டாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சிஸ்டர் பத்தாவது பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியை எழுதினார்.

மதியம் கால்குலேட்டர் ஓடி வந்தாள். வார்டு வாசலிலேயே நின்றாள்.

"எல்லாரும் பாஸ்," என்றாள் மெதுவாக.

"எல்லாருமா?"

"ம். மருந்துக் கணக்கைக் கேக்கவே இல்லைடி. படுக்கை விரிக்கச் சொன்னாங்க, காய்ச்சல் பார்க்கச் சொன்னாங்க. அஞ்சு பேருக்கும் ஒரே கேள்வி." அவள் தரையைப் பார்த்தாள். "நீயும் வந்திருந்தா பாஸ்தான்."

நெட்டை சுவரில் சாய்ந்துகொண்டாள். அது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் காட்டிக்கொள்ளவும் இல்லை.

"அழுதா அழுதுடேன்," என்றாள் கால்குலேட்டர்.

"ரெண்டு மணிக்கு ஒன்பதாம் படுக்கைக்கு மருந்து இருக்கு. அது முடியட்டும்."

"பத்துப் பக்கமும் ஆயிடுச்சே, இன்னும் எதுக்குடி?"

அதற்குள் சிஸ்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு அங்கே? பாஸ் பண்ணினவங்க எல்லாம் வழியை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க."

நெட்டை கையைக் கழுவிக்கொண்டு மருந்து அறைக்குள் போனாள். ஒன்பதாம் படுக்கையின் தாளை எடுத்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். கால்குலேட்டர் போகாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.